இருதயப் பம்பின் வேகம்: ஒரு சிறு வரலாறு

இயற்கையான இருதயத்திற்கு ஓர் அரிய பணிவு உண்டு. தன்னிடம் எவ்வளவு இரத்தம் வந்து சேர்கிறதோ அதற்கு ஏற்ப அடுத்த துடிப்பின் வலிமையைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளும். ஜெர்மனியின் ஓட்டோ பிராங்கும் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் விளக்கிய இவ்வியல்பை இயந்திரத்திற்குக் கற்பிப்பது எளிதாக இல்லை.

1966-இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில், அறுவை சிகிச்சைக்குப் பின் தளர்ந்துபோன ஒரு பெண்மணியின் இருதயத்திற்கு மைக்கல் டிபேக்கி பத்து நாள்கள் பம்பின் துணை அளித்தார். அவர் உயிர் பிழைத்தார். பின்னர் வந்த ஹார்ட்மேட் பம்பும் துடிக்கும் வகையே. அதன் பை நிறைந்ததும் தானே இரத்தத்தை வெளியேற்றும். நோயாளி நடந்தால் பை விரைவாக நிறையும், பம்பும் விரைந்து துடிக்கும். ஆகவே வேகத்தைப் பற்றி எவரும் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 2001-இல் வெளியான 129 நோயாளிகளின் ஆய்வில், பம்பு பெற்றவர்களுள் 52 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்தனர். மருந்து மட்டும் உண்டவர்களுள் 25 விழுக்காட்டினரே. ஆனால் அப்பம்பு பெரியது, ஓசை மிக்கது, விரைவில் தேய்வது.

மாற்று வழி எகிப்தில் தோன்றியது என்பர். கிராமத்தார் ஆர்க்கிமிடீஸ் திருகால் நீர் இறைப்பதைக் கண்ட மருத்துவர் ரிச்சர்ட் வாம்ப்ளர், அதே முறையில் இரத்தத்தை இறைக்கும் சிறு பம்பை உருவாக்கினார். 1988-இல் மனிதரிடம் முதலில் பயன்பட்ட அது, நிமிடத்திற்குச் சுமார் 25,000 சுற்றுகள் சுழன்றது. தேயும் உறுப்புகள் குறைந்தன. பழைய பணிவும் உடன் போய்விட்டது!

சுழலும் பம்பு, வைத்த வேகத்திலேயே சுழலும். வேகம் மிகுந்தால் இடது கீழறை வறண்டு, அதன் சுவர் பம்பின் வாயில் ஒட்டிக்கொள்ளும், துடிப்பு தாறுமாறாகும். பெருந்தமனி வால்வு திறவாமலே கிடக்கும். இரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைவதால் குடலில் இரத்தக் கசிவும் நேரலாம். வேகம் குறைந்தாலோ நுரையீரலில் நீர் தேங்கும். உள்ளே ஓர் அழுத்த உணரியை வைத்தால் ஆகாதா என்று நம் மாணவர்களும் கேட்பர். ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் கிடக்கும் உணரியின் அளவீடு மெல்லப் பிசகும். அதன்மேல் இரத்தம் உறையவும் கூடும். எனவே மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டே இரத்த ஓட்டத்தைக் கணிக்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் பீட்டர் ஹவுட்டன் என்பவருக்குப் பொருத்தப்பட்ட ஜார்விக் 2000 பம்பு வேறு விடை கண்டது. வீட்டு மின்விசிறியைப் போல் ஐந்து எண்கள் கொண்ட ஒரு திருகு. 8,000 முதல் 12,000 சுற்றுகள் வரை நோயாளியே மாற்றலாம். ஹவுட்டன் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நோயாளியை நம்பிய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2017-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 3-இல் அத்தகைய திருகு இல்லை. அதன் சுழலி காந்த விசையால் மிதக்கிறது. இரத்தம் தேங்கி உறையாதிருக்க, இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகம் சட்டெனக் குறைந்து கூடுகிறது. ஆயினும் இது உடலின் தேவையறிந்த துடிப்பன்று. நோயாளிகள் பலரின் மணிக்கட்டில் நாடி தட்டுப்படுவதும் இல்லை. கீழறை வறளும் அறிகுறி தெரிந்தால் பம்பு தானே சற்றுத் தணியும். மற்றபடி, மருத்துவர் வெவ்வேறு வேகங்களில் இருதயத்தை ஸ்கேன் செய்து பார்த்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். நோயாளி உறங்கினாலும் மாடிப்படி ஏறினாலும், அடுத்த பரிசோதனை வரை அந்த எண்தான்.