கண்ணின் தீர்ப்பு

மழைக்காலத்து மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தவர் பலரும் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். பாடுபவரின் முகம் திடீரெனச் சிறுசிறு சதுரங்களாகச் சிதறும். ஒரு சதுரத்தில் மூக்கின் ஒரு பகுதி நிற்க, அடுத்த சதுரத்தில் சற்று முன் கடந்துபோன காட்சியின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னர்ப் படம் முழுதும் அசைவற்று உறைந்துவிடும். 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் அகில இந்திய வானொலியின் பொறுப்பில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலும், அதற்குப் பின் நெடுங்காலமும், படம் கெடுவது உண்டு. ஆயினும் அது கெட்ட விதம் வேறு. பனி பெய்வதுபோல் திரையெங்கும் வெண்புள்ளிகள் பறக்கும். கட்டடங்களில் மோதித் திரும்பும் அலைகளால் ஒவ்வோர் உருவத்தின் பக்கத்திலும் மங்கலான ஒரு நிழலுரு நிற்கும். அந்தப் பனிக்கிடையே கிரிக்கெட் ஆட்டத்தை நாள் முழுதும் கண்டு களித்தவரே, இன்று இரண்டு வினாடி சதுரங்கள் தோன்றினால் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிடுகின்றனர். படத்தில் உள்ள பிழையின் அளவு வேறு, பார்ப்பவர் உணரும் குறையின் அளவு வேறு என்பது இதனால் விளங்கும். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை அறிய முயன்றவர்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

புலன்களின் உணர்வை அளந்து கூறலாம் என்னும் எண்ணம் பழையது. 1860ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் இப்பொருள் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். ஒளியில் ஏற்படும் மாறுதலைக் கண் உணர்வது, அங்கு முன்பே இருக்கும் ஒளியின் அளவைப் பொறுத்தது. இருண்ட அறையில் ஏற்றிய அகல் விளக்கு நடுப்பகல் வெயிலில் ஒரு பொருட்டாவதில்லை. இவ்வுண்மையைத் தொலைக்காட்சிப் பொறியியலார் விரைவிலேயே தமக்குத் துணையாகக் கொண்டனர். 1953ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஏற்கப்பெற்ற வண்ணத் தொலைக்காட்சி முறையில், வெளிச்சத்தின் நுட்பங்களுக்கு அகன்ற வழியும், வண்ணத்தின் நுட்பங்களுக்குக் குறுகிய வழியும் அளிக்கப்பட்டன. வண்ண எல்லைகளின் நுண்மையை நம் கண் அவ்வளவாகக் காண்பதில்லை என்பதே காரணம். கண் கேளாததை அனுப்ப வேண்டியதில்லை என்ற இச்சிக்கனமே பிற்காலத்து டிஜிட்டல் படங்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

டிஜிட்டல் எனப்படும் எண்முறையில், படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது. எண்ணும் படிகள் பலவாயின் படம் இயல்பாக இருக்கும். படிகளைக் குறைத்தால் கன்னத்திலும் வானத்திலும் மெல்ல மாறவேண்டிய ஒளி, நிலப்படங்களில் மலைகளைச் சுற்றி வரைந்த உயரக்கோடுகள் போலப் பட்டை பட்டையாகத் தெரியும். நல்ல படத்துக்குப் புள்ளி ஒன்றுக்கு ஆறு பிட்டுகளாவது, அதாவது 64 படிகளாவது, வேண்டும் என்று கருதப்பட்டது. இந்நிலையில் 1962ஆம் ஆண்டில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு விசித்திரமான முறையை வெளியிட்டார். எண்ணாக மாற்றுமுன் படத்தோடு சிறிது இரைச்சலைக் கலக்க வேண்டும். பெறுமிடத்தில் அதே இரைச்சலைக் கழித்துவிட வேண்டும். அவ்வாறு செய்தால் மூன்று பிட்டுகள், அதாவது வெறும் எட்டுப் படிகள், போதும் என்று அவர் காட்டினார். பிழை இதனால் மறைந்துவிடவில்லை. பட்டைகளாக ஒழுங்குபட நின்ற பிழை, துகள் துகளாகச் சிதறியது, அவ்வளவே. ஒழுங்கான பிழையைக் கண் உடனே பிடித்துக்கொள்கிறது. ஒழுங்கற்ற பிழையை மன்னித்துவிடுகிறது. பழைய பனித்திரையை நாம் பொறுத்துக்கொண்டதன் காரணத்தில் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. கணினிகளை இணைத்த அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியவருள் ஒருவராகவே இந்த ராபர்ட்ஸை உலகம் நினைவுகூர்கிறது. படத்தைப் பற்றி அவர் எழுதிய இச்சிறு கட்டுரையும் நினைக்கத்தக்கதே என்பது என் கருத்து.

ஆனால் மூன்று பிட்டுச் சிக்கனம் போதவில்லை. 1982ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட எண்முறைத் தொலைக்காட்சித் தரத்தின்படி, ஒரு வினாடிப் படத்துக்கு 21 கோடியே 60 லட்சம் பிட்டுகள் தேவைப்பட்டன. இவ்வளவு பெரிய வெள்ளத்தை எந்த வானலையிலும் வீடுதோறும் அனுப்ப இயலாது. இதனை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கும் வழி, அதற்குப் பத்தாண்டு முன்னரே பெங்களூரில் பிறந்த ஒருவரின் உள்ளத்தில் உதித்திருந்தது. அவர் பெயர் நசீர் அஹமத். பெங்களூரிலேயே பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தார். 1972ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், உதவி மறுக்கப்பட்டது. கருத்து மிகவும் எளிமையாகத் தோன்றுகிறது என்பது பரிசீலித்தவர்களுள் ஒருவரின் குறிப்பு என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் மனம் தளரவில்லை. தம் மாணவர் நடராஜனுடனும், டெக்சாஸில் பணியாற்றிய பேராசிரியர் கே. ஆர். ராவுடனும் சேர்ந்து அவ்வேலையை முடித்து, 1974ஆம் ஆண்டு ஜனவரியில் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரை கூறிய கோசைன் மாற்றத்தின் மீதே 1992இல் வந்த ஜேபெக் படமுறையும், தொண்ணூறுகளில் வந்த எம்பெக் காணொளி முறைகளும் எழுந்தன.

அம்முறை இவ்வாறு செயற்படுகிறது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 எண்களை வேறு 64 எண்களாக மாற்றுவர். அவற்றுள் முதலாவது அச்சதுரத்தின் சராசரி வெளிச்சம். ஏனையவை படிப்படியாக நுண்மை மிகும் ஏற்ற இறக்கங்கள். மிக நுண்ணியவற்றைக் கண் அரிதாகவே காணுமாதலால் அவற்றைத் துணிந்து குறைப்பர், பல பூச்சியமாகிவிடும். அசையும் படத்தில், முந்திய படத்திலிருந்து எது எங்கு நகர்ந்தது என்பதை மட்டும் அனுப்புவர். ஆகவே ஒரு படத்தில் நேர்ந்த பிழை, முழுப்படம் ஒன்று மீண்டும் வந்து சேரும்வரை அடுத்தடுத்த படங்களுக்கும் தொற்றிச் செல்லும். பாடகரின் முகத்தில் பழைய காட்சியின் மிச்சம் ஒட்டிக்கொள்வது இதனால்தான். சுருக்கம் எல்லை மீறினால் அடுத்தடுத்த சதுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எல்லைக்கோடுகள் புலப்படும். எழுத்துக்களின் ஓரத்தில் கொசுக்கூட்டம் மொய்ப்பதுபோல் ஓர் அதிர்வு தோன்றும். பந்து பறக்கும் கணத்தில் மைதானத்துப் புல் பச்சை வண்ணம் பூசிய சுவராகிவிடும். அருவி, மழை, தேர்த்திருவிழாக் கூட்டம் ஆகியவை இம்முறைக்குக் கடுஞ்சோதனைகள். எனினும் நெருக்கமான இலைகளுக்கிடையே மறைந்துவிடும் பிழை, வெறும் நீலவானத்தில் பளிச்சென்று தெரியும்; பரபரப்பான இடம் பிழையை மூடிவிடுகிறது, அமைதியான இடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்பிழைகளை அளப்பது எங்ஙனம்? மூலப் படத்தையும் வந்து சேர்ந்த படத்தையும் புள்ளிக்குப் புள்ளி கழித்து, வேறுபாடுகளின் வர்க்கத்துக்குச் சராசரி காண்பது எளிய வழி. கணக்கு நேரியது, கண்ணோடு மட்டும் ஒத்துப்போவதில்லை. ஒரு படம் முழுவதையும் சற்றே வெளிச்சமாக்கினால் பார்ப்பவர் கவனிக்கவும் மாட்டார். அதே பிழைத்தொகையை முகத்தின் நடுவே சதுரங்களாக வைத்தால் முகம் சுளிப்பார். கணக்கோ இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது.

ஆதலால் மனிதரையே கேட்பதென்று முடிவு செய்தனர். வானொலித் துறையின் பன்னாட்டு ஆலோசனைக் குழு 1974ஆம் ஆண்டில் தன் 500ஆம் பரிந்துரையில் இதற்கான நெறியை முதன்முதலாக வகுத்தது. அது பலமுறை திருத்தப்பெற்று இன்றும் வழங்குகிறது. படத்துறையைத் தொழிலாகக் கொள்ளாத சாமானியர் பதினைவரையாவது அழைத்து, எழுத்து அட்டையால் கண்பார்வையையும், புள்ளித் தாள்களால் நிறப்பார்வையையும் சோதிப்பர். அறையின் வெளிச்சமும் இருக்கையின் தூரமும் வரையறுக்கப்பட்டவை. கண் சோர்ந்துவிடுமாதலால் அரை மணிக்கு மேல் அமர்த்துவதில்லை. குறை தெரியவேயில்லை, தெரிகிறது ஆனால் உறுத்தவில்லை, சிறிது உறுத்துகிறது, உறுத்துகிறது, மிகவும் உறுத்துகிறது என்னும் ஐந்து படிகளுள் ஒன்றை அவர் குறிக்க வேண்டும். இத்தகைய சோதனைகளால் சுவையான செய்திகள் பல வெளிவந்தன. படம் கெட்டவுடன் பார்ப்பவர் விரைந்து மதிப்பைக் குறைப்பார். படம் சீரான பின்னரோ தயங்கித் தயங்கியே உயர்த்துவார். முடிவில் வந்த குறை, தொடக்கத்தில் வந்த குறையைவிட மனத்தில் நிற்கும். ஒலி நன்றாயிருப்பின் படத்துக்கும் சிறிது மதிப்பு கூடுகிறது என்பது வானொலிக்காரர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மனிதரைக் கொண்டு சோதிப்பது செலவும் காலமும் பிடிக்கும் காரியம். கண்ணைப் போலவே தீர்ப்புக் கூறும் சூத்திரம் ஒன்றைக் காண இயலாதா என்று, 1997ஆம் ஆண்டில் இத்தாலியின் டூரின் நகரில் நிபுணர்கள் கூடி ஒரு குழுவை அமைத்தனர். கண்ணின் இயல்பையெல்லாம் கருதி அமைத்த சூத்திரங்கள் போட்டிக்கு வந்தன. எட்டு ஆய்வகங்களில் பார்வையாளர்களிடமிருந்து இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள் திரட்டப்பட்டன. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு நிபுணர்களைத் தலைகுனியச் செய்தது. அந்நுட்பமான சூத்திரங்களுள் பெரும்பாலானவை, எல்லோரும் ஏளனம் செய்த பழைய கழித்தல் கணக்கைவிட மேலானவை என்று நிறுவ இயலவில்லை. மனிதச் சோதனைக்கு ஈடாக எதையும் பரிந்துரைக்க முடியாது என்று குழு ஒளிக்காமல் எழுதியது. தோல்வியை இவ்வாறு வெளிப்படையாக அச்சிட்டது பெருந்தன்மை.

2004ஆம் ஆண்டில் ஜூ வாங், ஆலன் போவிக் முதலிய நால்வர் வேறு வழியில் சென்றனர். பிழையை எண்ணுவதை விடுத்து, படத்தின் வடிவமைப்பு குலையாமல் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்தனர். அச்சூத்திரம் உலகெங்கும் பரவி, 2015ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதையும் பெற்றது. 2016ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், பார்வையாளர் அளித்த மதிப்பெண்களைக் கணினிக்குக் கற்பித்து உருவாக்கிய மற்றொரு அளவுகோலை எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது.

இது வெறும் ஆய்வகப் பிரச்சினை அன்று. ஒரே அலைவழியில் பல நிலையங்கள் நெருங்கி அமரும் இந்நாளில், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிட்டுகள் அளிப்பது என்பதை இத்தகைய எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம். சந்தா செலுத்துபவருக்கோ அந்த எண் தெரியாது. படம் உறுத்துகிறது என்பதே அவருக்குத் தெரியும். மேலும், வரையறுத்த தூரத்தில், அளந்த வெளிச்சத்தில் அமர்ந்து சிலர் இட்ட மதிப்பெண், வெயில் புகும் கூடத்தில் எட்டுப் பேர் கூடிப் பார்க்கும் வீட்டுக்கு எவ்வளவு பொருந்தும்? நம் நாட்டு வீடுகளையும், நம் திருவிழாக் கூட்டத்தையும், சரிகைப் பட்டின் மினுமினுப்பையும் வைத்துச் சோதனைகள் மிகுதியாக நடைபெற வேண்டும் என்பேன். சூத்திரங்கள் எத்தனை வந்த பின்னும், புதிதாக ஒன்று வந்தால் அதனைச் சோதிக்க அறையில் நாற்காலிகளைப் போட்டு, சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, பதினைந்து பேரை அழைக்கும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை.