பனிக்கட்டியின் மேல் நடக்கக் கற்ற கதை

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே திருவல்லிக்கேணியை நோக்கிச் செல்லும்போது, இடப்புறத்தில் வட்ட வடிவ முகப்புடன் ஒரு பழைய கட்டடத்தைக் காணலாம். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்த வட்டாரத்துக்கு மக்கள் வழங்கும் பெயர் 'ஐஸ் ஹவுஸ்' என்பதே. அமெரிக்கப் பனிக்கட்டி வணிகரான ஃபிரடெரிக் டூடர் தம் சரக்கைச் சேமித்து வைப்பதற்காக 1842ஆம் ஆண்டில் எழுப்பிய கிடங்கு அது.

அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள குளங்களிலிருந்து. குளிர்காலத்தில் அக்குளங்கள் உறைந்ததும் ஆட்கள் குதிரைகளுடன் அவற்றின் மேல் இறங்குவர். நத்தானியேல் வயத் என்பவர் 1825இல் அமைத்த, குதிரை இழுக்கும் கருவியால் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுப்பர். பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவர். 1833இல் முதன்முறையாகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் ஏற்றி வந்தது. நான்கு மாதப் பயணத்துக்குப் பின்பும் ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் உட்புகாமல் மரத்தூள் தடுத்தது. 1874இல் சென்னையிலேயே பனிக்கட்டி உற்பத்தி தொடங்கியபின் இந்தக் கடல் வாணிகம் நலிந்தது.

சென்னையில் அதை வாங்கியவர்களுக்குப் பனிக்கட்டி ஒரு பண்டம். அதை அறுத்தவர்களுக்கோ அது காலடித் தரை. பண்டம் கப்பலேறி நம்மிடம் வந்தது. தரையைப் பற்றிய அறிவு வரவில்லை. இன்று அடையாற்றிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் மாணவர்கள் கனடா போன்ற குளிர்நாடுகளுக்குப் படிக்கச் செல்கின்றனர். அவர்களுக்கு அந்த அறிவு உயிர்காக்கும் அறிவு. மனிதன் அதை எவ்வாறு பெற்றான் என்பதை ஒரு விளையாட்டின் வரலாற்றின் வழியே பார்ப்போம்.

கல்லும் குளமும்

கர்லிங் என்பது பனித்தரையில் கல்லை வழுக்கி விடும் ஆட்டம். சுமார் 45 மீட்டர் நீளமுள்ள தடத்தில், 17 முதல் 20 கிலோகிராம் வரை எடையுள்ள, கைப்பிடி பொருத்திய கருங்கல்லைத் தள்ளி, மறுகோடியில் உள்ள வட்டங்களின் மையத்தருகே நிறுத்த வேண்டும். ஓர் அணிக்கு நால்வர். ஒருவர் கல்லை விட, இருவர் துடைப்பத்தால் அதன் பாதையைத் தேய்த்துக்கொண்டே உடன் செல்வர்.

இதன் தாயகம் ஸ்காட்லாந்து. 1511 என்று பொறிக்கப்பட்ட கல் ஒன்று அங்கே கிடைத்துள்ளது. 1541இல் பெய்ஸ்லி மடத்தில் நடந்த ஒரு பந்தயத்தைப் பத்திர எழுத்தர் ஒருவர் பதிவு செய்துள்ளார். அக்காலத்தில் ஆடுகளம் இயற்கையாக உறைந்த குளமே. ஆட்டக்காரன் முதலில் கற்க வேண்டியது கல்லை விடுவதை அன்று. குளம் தன்னைத் தாங்குமா என்று அறிவதை.

நாற்பது உயிர்கள்

இதை அறியாததன் விலையை லண்டன் நகரம் 1867இல் கொடுத்தது. ஜனவரி 14ஆம் நாள் ரீஜண்ட் பூங்கா ஏரியில் பனித்தரை உடைந்து 21 பேர் நீரில் விழுந்தனர்; அனைவரும் மீட்கப்பட்டனர். மறுநாளும் மக்கள் திரளாக அதே ஏரியின் மேல் சறுக்கி விளையாடினர். தரை மீண்டும் உடைந்தது. சுமார் 200 பேர் விழுந்தனர். 40 பேர் மாண்டனர். அதன் பிறகே ஏரியின் ஆழம் நான்கு அடியாகக் குறைக்கப்பட்டது.

ஆழம் குறைந்த நீரே பாதுகாப்பானது என்ற இந்தப் பாடத்தைக் கர்லிங் ஆட்டக்காரர்கள் முன்னரே கண்டிருந்தனர். ஸ்காட்லாந்தின் ஜான் கெய்ர்னி என்பவர், கெட்டித்த தரையில் மெல்லிய படலமாக நீர் தெளித்து உறைய வைக்கும் செயற்கைக் களத்தை அமைத்தார். 1833இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். மெல்லிய படலம் விரைவில் உறையும். உடைந்தாலும் மூழ்குவதற்கு அடியில் நீர் இராது.

பனித்தரையின் வலிமை அதன் தடிப்பைப் பொறுத்தது. தடிப்பு இருமடங்கானால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஓர் ஆள் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பர். ஓடும் நீரின் மேலும், வெண்பனி மூடிய இடத்திலும் தடிப்பு குறைந்திருக்கக் கூடும் என்பதால், அளந்து பார்க்காமல் அடி வைக்கலாகாது.

ஏன் வழுக்குகிறது?

அழுத்தத்தால் பனிக்கட்டி உருகி நீர்ப்படலம் உண்டாவதால் வழுக்குகிறது என்று படித்திருப்பீர்கள். அழுத்தம் உருகுநிலையைத் தாழ்த்தும் என்று 1849இல் ஜேம்ஸ் தாம்சன் கணித்தது உண்மை. 1886இல் ஜான் ஜோலி அதைக் கொண்டு சறுக்குக் காலணியின் இயக்கத்தை விளக்கினார். ஆனால் நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கர்லிங் கல்லின் அடிப்பாகம் குழிந்திருக்கும். சுமார் 12 செ.மீ. விட்டமும் 6 மி.மீ. அகலமும் உள்ள ஒரு வளையமே தரையைத் தொடும். அதன் பரப்பு ஏறத்தாழ 22 சதுர செ.மீ. ஆகவே 20 கிலோ கல் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தமே. அது உருகுநிலையைத் தாழ்த்துவது 0.0075 டிகிரி அளவுதான்! உண்மையில் களத்தில் நீர் தெளித்து உண்டாக்கிய சிறுசிறு புடைப்புகளையே வளையம் தொடுகிறது. பத்தில் ஒரு பங்கு பரப்பு மட்டுமே தொடுவதாகக் கொண்டாலும் 0.075 டிகிரிதான். களத்தின் வெப்பநிலையோ சுமார் -5 டிகிரி செல்சியஸ். அழுத்தம் போதவில்லை என்பது தெளிவு.

1939இல் பௌடன், ஹியூஸ் இருவரும் உராய்வில் பிறக்கும் வெப்பமே படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டினர். அதற்கும் முன்பே, 1850இல், பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீர் போன்ற ஒரு படலம் உண்டு என்று மைக்கேல் ஃபாரடே கூறியிருந்தார். மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு மேலே பிணைய அண்டையர் இல்லை. எனவே அவை உறைநிலைக்குக் கீழும் தளர்ந்து நகர்கின்றன. அசையாமல் நிற்பவரும் வழுக்கி விழுவதேன் என்பதை உராய்வு வெப்பம் விளக்காது. ஃபாரடேயின் படலம் விளக்கும்.

தம்ளரும் கல்லும்

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். எவர்சில்வர் தம்ளர் ஒன்றை வழவழப்பான மேசைமேல் கவிழ்த்து, வலஞ்சுழியாகச் சுழற்றியவாறே முன்னோக்கித் தள்ளுங்கள். அது இடப்புறம் வளைந்து செல்லும். உராய்வு தம்ளரை முன்புறமாகச் சாய்க்க முயல்வதால் முன்விளிம்பில் பாரம் கூடுகிறது. சுழற்சியால் அவ்விளிம்பு வலப்புறம் நகர்வதால், அங்கே மிகுந்த உராய்வு இடப்புறம் இழுக்கிறது.

கர்லிங் கல்லை வலஞ்சுழியாக விட்டாலோ அது வலப்புறம் வளைகிறது! ஹாரிங்டன் என்ற கனடிய அறிஞர் 1924லேயே இதை அளந்து ஆராய்ந்தார். முன்பக்கத்து உராய்வு வெப்பத்தால் குறைகிறது என்பது ஒரு கொள்கை. முன்விளிம்பு கீறிய நுண்கோடுகள் பின்விளிம்பைத் திருப்புகின்றன என்று 2013இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் கூறினர். விவாதம் இன்னும் முடியவில்லை.

தொடக்க மாணவருக்கு

வழக்கமாக நடப்பதற்கு உராய்வுக் கெழு சுமார் 0.2 வேண்டும். ஈரமான பனித்தரையில் அது 0.1க்கும் கீழே போய்விடும். அடியை நீட்டி வைத்தால் கால் சாய்வாக ஊன்றித் தரையைக் கிடையாக அதிகம் தள்ளுகிறது. தேவையான உராய்வு கூடுகிறது. ஆகவே குறுகிய அடிகளாக, பாதம் முழுதும் பதிய, உடலின் பாரம் முன்காலின் மேல் நிற்க நடக்க வேண்டும்.

கர்லிங் களத்தில் தொடக்க மாணவர் தலைக்கவசம் அணிவது நன்று. பின்னோக்கி நடக்கக் கூடாது. வரும் கல்லைக் காலால் தடுக்கக் கூடாது. துடைப்பத்தால் நிறுத்த வேண்டும். கல்லைத் தூக்கவே கூடாது. தள்ளியே நகர்த்த வேண்டும்.

உறைந்த ஏரியில் தரை உடைந்து விழுந்தவர் வந்த திசைக்கே திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்துத் தரைதான் சற்றுமுன் அவரைத் தாங்கியது. கால்களை உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டே கரை சேர வேண்டும். படுத்தால் பாரம் பரவும். நின்றால் ஓரிடத்தில் குவியும். காப்பாற்றச் செல்பவரும் படுத்தபடியே கழியையோ கயிற்றையோ நீட்ட வேண்டும்.

இவற்றைக் கற்பிக்கப் பனிக்களம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஐஸ் ஹவுஸ் எழுந்த அதே 1842ஆம் ஆண்டில் விக்டோரியா அரசி ஸ்காட்லாந்துக்குச் சென்றார். அது பனியில்லாப் பருவம். ஸ்கோன் அரண்மனைக் கூடத்தின் மெருகேற்றிய தரையில் கற்களை விட்டு அரசிக்குக் கர்லிங்கை விளக்கினர். நம் பள்ளிக்கூடங்களின் மொசைக் தரையும் அதற்குப் போதும். தம்ளர் ஒன்றும், அளவுகோல் ஒன்றும், கேள்வி கேட்கும் மாணவர் நால்வரும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.