5 புள்ளியும் 16 நொடியும்

டெபிட், கிரெடிட் படிக்கிறவனுக்கு டயரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன வாரம் கேண்டீனில் வந்த ஒரு சண்டைதான் காரணம். நம்ம நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன்னில் 4-வது இடம் வாங்கினார் என்று நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். "ஓடுனதே ஆறு காரு. அதுல நாலாவது வந்ததெல்லாம் ஒரு கணக்காடா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

கோயம்புத்தூர்க்காரனுக்கு இது பொறுக்குமா? ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் சில வருடங்களாக நடக்கிற டயர் காற்றழுத்தத் தகராறும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது என்று பட்டது. டயர் தாங்காது என்றால், அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

முதலில் நரேன் கதை. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ். அந்த வருட விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே சாய்வான 13-வது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா டயர் போய்ச் சுவரில் மோதியது. எங்கள் டயர் அந்த வளைவில் முழு வேகத்தைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷலின் கையை விரித்துவிட்டது. வேகத்தைக் குறைக்க வளைவுக்கு முன் ஒரு சிறு தடுப்புப் பாதை போடுங்கள் என்று அணிகள் கெஞ்சின. எஃப்.ஐ.ஏ. மறுத்தது. சரியான டயர் கொண்டு வந்தவர்களை ஏன் தண்டிக்க வேண்டும், உங்களால் முடியாவிட்டால் அந்த வளைவில் மெதுவாகப் போங்கள் என்பது அவர்கள் வாதம்.

விளைவு உலகமே பார்த்தது. மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று சுற்றிவிட்டு பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் அணியில் இருந்த நரேன் 4-வது இடம், 5 புள்ளி. இன்றுவரை பார்முலா ஒன்னில் இந்தியர் வாங்கிய புள்ளிகள் அவை மட்டுமே. கேலரியில் இருந்தவர்கள் பாட்டிலை வீசினார்கள். டிக்கெட் பணத்தை மிஷலின் திருப்பிக் கொடுத்தது. கவனியுங்கள், நஷ்டம் டயர் கம்பெனியின் புத்தகத்தில் ஏறியது.

இப்போது பைக்குக்கு வருவோம். 2016 முதல் மோட்டோஜிபிக்கு டயர் கொடுத்தது அதே மிஷலின். அந்த வருடம் பிப்ரவரியில் செபாங் சோதனை ஓட்டத்திலேயே லோரிஸ் பாஸின் பின் டயர் நேர்ப்பாதையில் வெடித்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று குறைந்தால் டயர் அதிகம் வளைந்து கொடுக்கும், உள்ளே சூடேறும், கட்டமைப்பு பிரியும். அதனால் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஒரு விதி வைத்தார்கள். வைத்தார்களே தவிர, மீறினால் தண்டனை கிடையாது. 2022-ல் ஹெரெஸில் பக்னையா வென்ற பந்தயத்தில் முன் டயர் அழுத்தம் வரம்புக்குக் கீழே இருந்ததைப் பத்திரிகையாளர் மேட் ஆக்ஸ்லி எழுதினார். வெற்றி அப்படியே நின்றது. ஆடிட் ரிப்போர்ட் உண்டு, நடவடிக்கை இல்லை. நமக்குப் பழகிய விஷயம்தானே :-)

2023 ஆகஸ்டில்தான் தண்டனை வந்தது. முதல் தப்புக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு 3 நொடி. 2024-ல் கடுமையாக்கினார்கள். முன் டயரில் 1.80 பார், பந்தயத்தின் 60 சதவீத சுற்றுகளில் அதற்குக் குறையக் கூடாது. குறைந்தால் 16 நொடி. 1.80 பார் என்றால் சுமார் 26 பி.எஸ்.ஐ. பெட்ரோல் பங்கில் நம்ம பைக் முன் சக்கரத்துக்கு "இருபத்தஞ்சு வைங்கண்ணா" என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்! ஆனால் நாம் அளப்பது டயர் ஆறியிருக்கும்போது. அங்கே அளப்பது ஓடிக்கொண்டிருக்கும்போது, சென்சார் வைத்து.

சிக்கல் இங்கேதான். முன்னால் போகும் பைக்கை ஒட்டிப் போனால் சூட்டுக் காற்று அடித்து டயர் அழுத்தம் ஏறும். ஏறினால் பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் போகும். தனியாக முன்னால் போனால் டயர் ஆறி அழுத்தம் இறங்கும். ஆக, பந்தயத்துக்கு முன் காற்று வைக்கிற மெக்கானிக், தன் ஆள் எத்தனையாவது இடத்தில் ஓடுவான் என்று ஜோசியம் சொல்ல வேண்டும். பட்ஜெட் எஸ்டிமேட் மாதிரி.

2025 மார்ச்சில் தாய்லாந்தில் மார்க் மார்க்கெஸ் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர், 7-வது சுற்றில் வேண்டுமென்றே தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். தம்பியின் பின்னால் சூட்டில் ஓடி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, கடைசியில் முந்தி வென்றார். அடுத்த மாதம் கத்தாரில் மேவரிக் வின்யாலஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் முன்னிலையில் ஓடுவார் என்று யார் எதிர்பார்த்தது? நன்றாக ஓட்டியதாலேயே டயர் ஆறியது. 2-வதாக வந்தவர், 16 நொடி சேர்ந்ததும் 14-வது இடத்துக்குப் போனார்.

பாதுகாப்பு விதி என்கிறார்கள். அப்படியானால் மீதி 40 சதவீத சுற்றுகளில் டயர் வெடிக்காதா? உண்மையில் ஆபத்து என்றால் ஓடும்போதே கொடி காட்டி நிறுத்த வேண்டும், பரிசு மேடை இறங்கிய பிறகு நொடி சேர்ப்பது என்ன பாதுகாப்பு? அதற்காகத் தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டனை இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஹெரெஸ் இருக்கிறது. ஆனால் காற்று வைத்தது அணி, டயர் செய்தது கம்பெனி. புள்ளியை அணியின் கணக்கில் கழிக்கலாம், ஓட்டியவனின் இடத்தை ஏன் பறிக்க வேண்டும்?

இதைக் கேண்டீனில் சொன்னேன். "அப்ப 2005-ல மட்டும் ரூல்ஸ் ரூல்ஸ்தான்னு சொல்லி அந்த 5 புள்ளிய வெச்சுக்குவ?" என்று மடக்கினான் அதே நண்பன். கொஞ்சம் திணறித்தான் போனேன். ஒரே வித்தியாசம், அன்று ஓட வேண்டாம் என்று பந்தயத்துக்கு முன்பே தெரிந்து முடிவெடுத்தார்கள். வின்யாலஸ் ஓடி முடித்த பிறகு முடிவெடுத்தார்கள். 2027 பருவத்திலிருந்து மோட்டோஜிபி டயர் பிரெல்லி என்று 2025-லேயே அறிவித்துவிட்டார்கள். புது டயருக்கு என்ன வரம்பு, எத்தனை நொடி என்று பார்ப்போம். அதுவரை அந்த 5 புள்ளியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.