நாடாவிலிருந்து எண்ணுக்கு: வீட்டில் பாட்டுப் பதிந்த கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அண்ணன் ஒருவர் போன் செய்தபோது, "எனக்கு என்னண்ணே எழுதத் தெரியும்?" என்றேன். "விடுதியில ராத்திரி பூரா கேசட்டும் கையுமாத்தானே இருந்த, அதையே எழுதுப்பா" என்றார். மாட்டிக்கொண்டேன். எனவே அன்பு நண்பர்களே, இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, வீட்டிலிருந்தபடியே பாட்டுப் பதிவு செய்வது எப்படி வந்தது, அதில் பழைய நாடா உசத்தியா, இன்றைய டிஜிட்டல் உசத்தியா என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1877-ல் எடிசன் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்டுக் காட்டினார். 1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். ஆனால் அதெல்லாம் கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம். சாதாரண மனிதன் இசைத்தட்டை வாங்கிக் கேட்கலாம், தன் குரலைத் தானே அதில் பதிய முடியாது.

அந்தக் கதவைத் திறந்தது காந்த நாடா. 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னடோபோன் என்ற நாடாப் பதிவுக் கருவி வைக்கப்பட்டது. 1963-ல் அதே பெர்லினில் பிலிப்ஸ் நிறுவனம் சட்டைப் பைக்குள் அடங்கும் கேசட்டைக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது என்ன? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தீப்பெட்டிப் பக்கவாட்டில் மருந்து தடவுகிறோம் அல்லவா, அது மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாடாவில் இரும்பு ஆக்ஸைடு, அதாவது துருப் பொடியைத் தடவியிருப்பார்கள். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். குரல் ஏறி இறங்குவதற்கு ஏற்றபடி துருவின் காந்தமும் ஏறி இறங்கும். அனலாக் என்பது இவ்வளவுதான்.

வளைகுடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த டூ இன் ஒன், எழுதிக் கொடுத்த பாட்டுகளைச் சி-60, சி-90 கேசட்டில் பதிந்து தரும் கடை, சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றியது எல்லாம் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வீட்டு இசைக்காரனுக்கு உண்மையான திருப்பம் 1979-ல் வந்தது. டியாக் கம்பெனி போர்ட்டாஸ்டுடியோ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்கள். முதலில் தாளம், பிறகு கிடார், பிறகு பாட்டு என்று ஒரே ஆள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியலாம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட நெப்ராஸ்கா இசைத்தொகுப்பு, வீட்டில் அந்தக் கருவியில் மாதிரிக்காகப் பதிந்ததுதான். ஸ்டுடியோவில் மறுபடி பாடியது திருப்தியாக இல்லையென்று கேசட்டையே வெளியிட்டுவிட்டார்கள்.

அதே 1982-ல் சி.டி. வந்தது. 1991-ல் அலெசிஸ் நிறுவனம் ஏடேட் என்ற கருவியை அறிவித்தது. வீடியோ கேசட்டில் எட்டுத் தடங்கள், அத்தனையும் டிஜிட்டல். நம் பக்கம் 1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது, வீட்டோடு இருக்கும் ஒரு கூடத்திலிருந்து என்ன செய்ய முடியும் என்று நாடே தெரிந்துகொண்டது. 2000-ல் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே வந்தது. எங்கள் காலத்து விடுதி அறைக்கு அதுதான் ஸ்டுடியோ.

டிஜிட்டல் என்றால் என்ன? சிவகாசி காலண்டரை லென்ஸ் வைத்துப் பாருங்கள். முருகன் முகம் வெறும் புள்ளிகள். தள்ளி நின்று பார்த்தால் முழு முகம். டிஜிட்டலும் ஒலியைப் புள்ளி புள்ளியாக அளந்து எண்ணாக்கி வைக்கிறது. சி.டி.யில் விநாடிக்கு 44,100 தடவை, ஒவ்வொரு தடவையும் 16 பிட். மனிதக் காது கேட்பது 20,000 அதிர்வு வரை. அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் அந்த எல்லைக்குள் இருக்கும் அலையைத் திரும்பவும் முழுசாக வரைந்துவிடலாம் என்பது கணக்கு. ஆகவே "டிஜிட்டல்ல நடுவுல ஓட்டை இருக்கு" என்று சொல்வது சரியல்ல.

வேறுபாடு மற்ற இடங்களில் இருக்கிறது. 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். சாதாரணக் கேசட்டில் ஐம்பது சொச்சம்தான், மீதி 'உஸ்' இரைச்சல். கேசட்டைக் கேசட்டுக்குப் பதிந்தால் ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும். எண்ணை நூறு தடவை நகலெடுத்தாலும் எண் எண்ணாகவே இருக்கும். ஆனால் ஒரு சரவெடியைப் பதிந்து பாருங்கள். அளவு மீறினால் டிஜிட்டல் அலையின் தலையைக் கத்தரித்துவிடும், கேட்கவே கர்ணகடூரம். நாடா கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். பலர் சொல்லும் அந்த "வெதுவெதுப்பு" இந்த அமுக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

இனி என் சொந்தக் கதை. என் அப்பத்தா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர். கை ஒட்டும், வாய் பாடும். 1993-ல் சித்தப்பா ஒரு சி-60 கேசட்டில் அதைப் பதிந்தார். போட்டுக் காட்டியதும் அப்பத்தா, "ஏய்யா, நான் செத்தப்புறமும் இது பாடுமாக்கும்?" என்று கேட்டாராம். 1999-ல் அவர் போய்விட்டார்.

2008-ல், மூன்றாம் ஆண்டு, பெரிய இன்ஜினியர் என்ற நினைப்பில், அந்தக் கேசட்டை ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முழுத்தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 635 எம்.பி. என்னிடம் இருந்த பென்டிரைவ் 512 எம்.பி. ஆகவே எம்.பி.3 ஆக்கி 29 எம்.பி.க்குள் சுருக்கினேன். இரைச்சலையும் சுத்தம் செய்தேன். நடுவில் அவர் பாடாமல் நிறுத்திய இடத்தை 'தேவையில்லை' என்று வெட்டினேன். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். 2012-ல் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் காலையில் திறக்கவே இல்லை. பாட்டு போச்சு. முன்னறிவிப்பு, முணுமுணுப்பு எதுவும் கிடையாது.

நல்ல வேளை, சித்தப்பா பீரோவில் கேசட் இருந்தது. 2019-ல் பழைய டெக் ஒன்றை வாங்கி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்து, திருகாணியால் அதன் சாய்வைச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். இந்த முறை எதையும் வெட்டவில்லை. வளையல் சத்தம் கேட்டது. பசை தடவிய கை அட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் முன்பு வெட்டிய இடம் வந்தது. தூரத்தில் 'தம்' என்று ஒரு வெடி. பாட்டு நிற்கிறது. அப்பத்தா குரல்: "எங்கிட்டுய்யா சத்தம்?" சித்தப்பா, "சும்மா சோதனைக்குப் போடுறாங்கம்மா" என்கிறார். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம்தான் பாட்டு தொடர்கிறது.

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த அமைதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சத்தம் கேட்டால் நம் ஆட்கள் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று நெஞ்சு ஒரு நிமிடம் நிற்கும். அந்த நிமிடத்தைத்தான் நான் குப்பை என்று வெட்டியிருந்தேன். தவறு டிஜிட்டலுடையது அல்ல, என் கத்தரியுடையது.

நம் ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் போகாத தெருக்களின் பாட்டு நம் வீட்டுப் பரண்களில்தான் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. புதிதாகப் பதிவதற்கு டிஜிட்டல்தான், சந்தேகமே வேண்டாம். பழையதைக் காப்பதற்கு இரண்டும் வேண்டும். நாடா மெல்ல மெல்லச் சாகும், எண் பட்டென்று சாகும். ஆனால் எண்ணுக்கு எத்தனை உயிர் வேண்டுமானாலும் கொடுக்கலாம். முழுத்தரத்தில் ஏற்றுங்கள். மூன்று நகல் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஏற்றியாச்சு என்று கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்தச் சந்திப்புக்கு வரும்போது பரணில் கிடக்கும் கேசட்டுகளை எடுத்து வாருங்கள். கல்லூரி விழாவில் பாடியதோ, வீட்டுப் பெரியவர் குரலோ, எதுவானாலும் சரி. நான் டெக்கோடு வருகிறேன். அப்பத்தா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: பாடும் அப்பத்தா, நாங்கள் பார்த்துக்கொண்டால் பாடும்.