புதன்கிழமை இரவு எட்டு மணி



விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, பால்மரம் சீவப் போனவர்களுக்கு இரவு பத்து மணி என்பது நடுச்சாமம். லயத்தில் விளக்கணைந்து எல்லாரும் உறங்கிப் போயிருப்பார்கள். 1950களில் நம் நாட்டுக் கடிகாரத்தில் புதன்கிழமை இரவு பத்து அடிக்கும்போது, இந்தியாவிலும் இலங்கையிலும் மணி எட்டு. அந்த நேரத்தில் இந்தியாவின் வீதிகளிலே ஒரு விசித்திரம் நடந்தது. வெற்றிலைபாக்குக் கடை வாசலிலும் தேநீர்க்கடை வாசலிலும் கூட்டம் கூடி நின்றது. எல்லாப் பெட்டிகளிலும் ஒரே குரல். ஆனால் அந்தக் குரல் இந்திய வானொலியிலிருந்து வரவில்லை. கடல் கடந்து கொழும்பிலிருந்து வந்தது. தன் நாட்டுப் பாட்டைக் கேட்க ஒரு நாட்டு மக்கள் ஏன் பக்கத்து நாட்டு வானொலியைத் திருப்ப நேர்ந்தது? இன்று அந்தக் கதையைப் பார்ப்போம்.

கொழும்பு வானொலி வயதில் மூத்தது. எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தித் துறைப் பொறியாளர் செய்துபார்த்த சோதனைகளுக்குப் பிறகு, 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அங்கே முறையான ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் அது சிறிய நிலையந்தான். அதைப் பெரிதாக்கியது போர். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைகளுக்குத் தலைமை தாங்கிய மவுண்ட்பேட்டன் பிரபு இலங்கையில் தங்கியிருந்தார். பர்மாவிலும் நம் மலாயாவிலும் போரிடும் சிப்பாய்கள் கேட்பதற்காக அவருடைய படை ஒரு வானொலியை நடத்தியது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலை என்னும் ஊரில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியது 1946இல். போர் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது! சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். இயந்திரம் அங்கேயே நின்றது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து, ரேடியோ சிலோன் பிறந்தது.

சிற்றலை என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்கக் கூடும். மத்திய அலை பெரும்பாலும் தரையை ஒட்டியே ஓடும். சில நூறு மைலுக்குள் பகலில் தளர்ந்துவிடும். சிற்றலையோ வானத்தை நோக்கிப் போகிறது. தரையிலிருந்து நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் என்னும் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு இருக்கிறது. அது அலையை வளைத்து மீண்டும் பூமிக்கு அனுப்புகிறது. சுவரில் அடித்த பந்து திரும்பி வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஏக்கலையில் புறப்பட்ட ஒலி மலையையும் கடலையும் தாண்டி டில்லியில் போய் விழும். அந்தக் காற்றடுக்கு நிலையாக நிற்பதில்லை என்பதால் ஒலியும் அலைபோல ஏறி இறங்கும். பாட்டின் நடுவே குரல் மெல்ல மங்கி, இரைச்சல் வந்து, மறுபடி குரல் எழும். பழைய வானொலிப் பெட்டியை வைத்திருந்த குடும்பங்களில் ஒருவர் குமிழைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

சரி, இயந்திரம் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இலங்கை சிறிய தீவு. அதற்கு இவ்வளவு பெரிய குரல் தேவையில்லை. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் என்பவரின் பொறுப்பில் 1950ஆம் ஆண்டு வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. சோப்பும் பற்பசையும் செய்கிற கம்பெனிகள் காசு கொடுத்தால் நிகழ்ச்சி போடுவார்கள். இந்திய வானொலியில் விளம்பரத்துக்கு அப்போது இடமே கிடையாது. ஆக, இந்தியச் சந்தையை நோக்கி ஒரு வாசல் கொழும்பில் திறந்தது.

அந்த வாசலை அகலத் திறந்துவிட்டவர் ஓர் இந்திய அமைச்சர் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. பி. வி. கேஸ்கர் 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். பத்தாண்டுகள் பதவியில் இருந்தார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது, அதிலே மேல்நாட்டு மெட்டு கலந்திருக்கிறது என்பது அவர் எண்ணம். வானொலியில் சினிமாப் பாட்டின் அளவைச் சுருக்கினார்கள். பாட்டு எந்தப் படத்தில் வந்தது என்று சொல்வதும் விளம்பரமே என்று சொல்லி, படத்தின் பெயரை அறிவிப்பதையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் கோபங்கொண்டு, பாட்டை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களுக்குள் இந்திய வானொலியிலே சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று.

கேஸ்கரை நாம் வில்லனாக்கிவிட வேண்டாம். சமஸ்தானங்கள் ஒழிந்தபின் ஆதரிக்க ஆளில்லாமல் நின்ற பல வித்துவான்களுக்கு வானொலி அவர் காலத்தில்தான் சோறு போட்டது. வாரந்தோறும் தேசிய இசை நிகழ்ச்சியும் அப்போதுதான் வந்தது. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பகலெல்லாம் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துவிட்டு வருகிறவன் இரவில் எந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதை அமைச்சர் தீர்மானிப்பதா? உழைத்தவனுக்கு எது நல்லது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்த வாழ்க்கை நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. இந்திய மக்கள் ஊர்வலம் போகவில்லை, கூச்சல் போடவில்லை. குமிழைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். பத்து வீட்டில் ஒன்பது வீட்டுப் பெட்டி சிலோனுக்குத் திரும்பியிருந்தது, பத்தாவது வீட்டுப் பெட்டி பழுதாகிக் கிடந்தது என்று இந்திய வானொலிக்காரர்களே கிண்டல் பேசிக்கொண்டார்களாம்.

இந்த நிலையில்தான் 1952 டிசம்பரில் பினாக்கா கீத்மாலா தொடங்கியது. பினாக்கா என்பது சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி விற்ற பற்பசை. கீத்மாலா என்றால் பாமாலை. பம்பாயில், இன்றைய மும்பையில், நிகழ்ச்சியை ஒலிநாடாவில் பதிவு செய்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொழும்பிலிருந்து அது சிற்றலையில் ஏறி, புறப்பட்ட ஊருக்கே திரும்பி வரும். தொகுத்து வழங்கியவர் அமீன் சயானி. அப்போது அவருக்கு இருபது வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. வாரத்துக்கு 25 ரூபாய்தான் கூலி. அனுபவசாலிகள் யாரும் அந்தக் கூலிக்கு வர மறுத்ததால் வேலை இளைஞனுக்கு வந்தது.

இந்த இளைஞரின் மொழியைப் பற்றி ஒரு சொல். அவருடைய தாயார் குல்சும் சயானி முதியோர் கல்விக்காக உழைத்தவர். புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்டவர்களுக்காகவே ‘ரஹபர்’ என்ற இதழை நடத்தினார். ஒரே செய்தியை எளிய இந்துஸ்தானியில் எழுதி, தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் அச்சிட்டார்கள். அந்த இதழ் வேலையில் அமீன் சிறுவயதிலேயே தாய்க்கு உதவினார். படிப்பில்லாதவருக்கும் புரியும்படி பேசுவது எப்படி என்பதை அவர் கற்ற பள்ளிக்கூடம் அதுதான். பண்டிதர்கள் ‘சீமாட்டிகளே, சீமான்களே’ என்ற தோரணையில் பேசிய காலத்தில், அவர் ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று அழைத்தார். பெண்களை முதலில் அழைத்ததையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் அது அரைமணி நேரப் போட்டிதான். ஏழு பாட்டுகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். சரியான வரிசையை எழுதி அனுப்புவோருக்கு 100 ரூபாய் பரிசு. சில பத்துக் கடிதங்கள் வந்தால் போதும் என்று காத்திருந்தவர்களுக்கு முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று அமீன் சயானி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஓராண்டுக்குள் வாரத்துக்கு 65,000 ஆயிற்றாம். மூட்டை மூட்டையாக வந்ததை யார் பிரிப்பது, யார் திருத்துவது? போட்டியைக் கைவிட்டார்கள். 1954இலிருந்து மக்கள் விரும்பும் பாட்டுகளைத் தர வரிசைப்படுத்தும் ஒருமணி நேர நிகழ்ச்சியாக அது மாறியது. ஒவ்வோர் இடத்தையும் படிக்கட்டு என்றே அவர் சொல்வார். இந்த வாரம் இந்தப் பாட்டு இரண்டு படி ஏறியது, அந்தப் பாட்டு ஒரு படி இறங்கியது என்று கதைபோல விவரிப்பார். முதற்படியை எட்டிய பாட்டுக்கு எக்காளம் முழங்கும்.

ஆனால் எது முதற்படி என்று யார் சொல்வது? இதுதான் சிக்கலான கேள்வி. தொடக்கத்தில் இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கை வாங்கினார்கள். அதில் குறை தெரிந்தது. நல்ல பாட்டின் தட்டு கடையில் தீர்ந்துபோய் புதிது வரத் தாமதமானால், பாட்டு படியிறங்கிவிடும். தட்டு வாங்க வசதியில்லாத ஏழையின் விருப்பம் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆகையால் ஊர்தோறும் ஏற்பட்டிருந்த நேயர் மன்றங்களின் கருத்தையும் கேட்டுச் சேர்த்தார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுத்துத் தட்டு வாங்காதவனும் இதன் வழியாகத் தன் ஓட்டைப் போட முடிந்தது.

இந்த நேயர்களுக்குள்ளே பெரும் புகழ் பெற்ற ஊர் ஜும்ரி தலையா. அந்நாளில் பீகாரிலும் 2000ஆம் ஆண்டு முதல் ஜார்க்கண்டிலும் உள்ள சிறிய ஊர். மைக்கா என்னும் காக்காப்பொன் தோண்டுகிற சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி. அங்கிருந்து வந்த அஞ்சலட்டைகளுக்குக் கணக்கில்லை. எந்த விருப்பப் பாடல் நிகழ்ச்சியிலும் அந்த ஊர்ப் பெயர் ஒலித்ததால், அப்படி ஓர் ஊரே இல்லை, அறிவிப்பாளர்கள் கட்டிவிட்ட பெயர் என்று பலர் நம்பினார்கள். நம் தோட்டங்களிலிருந்தும் நேயர் விருப்பத்துக்கு அட்டை எழுதிப் போட்டுவிட்டு, குடும்பத்தார் பெயரெல்லாம் வானொலியில் வருகிறதா என்று காது கொடுத்துக் காத்திருந்தவர்கள் உண்டல்லவா? அவர்களுக்கு ஜும்ரி தலையா மக்களை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியோடு இது நிற்கவில்லை. கொழும்பின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பும் அதே சிற்றலையில் தமிழகத்து ஊர்களில் குடிபுகுந்தது. மயில்வாகனன் அவர்களின் குரலையும், பின்னர் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரலையும் தமிழ்நாட்டு மக்கள் சொந்தக்காரர் குரல்போலவே கொண்டாடினார்கள். ‘பொங்கும் பூம்புனல்’, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ ஆகிய பெயர்களைச் சொன்னாலே முதியவர்கள் முகம் மலரும்.

டில்லி தன் நிலையை மாற்றிக்கொள்ள ஐந்தாண்டு பிடித்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி என்னும் புதிய ஒலிபரப்பு தொடங்கியது. சினிமாப் பாட்டு இந்திய வானொலிக்குத் திரும்பியபோதும் அமைச்சர் அதே கேஸ்கர்தான். 1967இல் அதிலே விளம்பரமும் வந்தது. கொழும்புக்குக் காசு கொடுத்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பின. ஆயினும் கீத்மாலா உடனே திரும்பவில்லை. ரேடியோ சிலோன் 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியபோதும், புதன்கிழமை தவறாமல் கொழும்பிலிருந்தே ஒலித்தது. 1980களின் இறுதியில்தான் அது விவித் பாரதிக்கு மாறியது. முன்பு பாட்டையே தள்ளிவைத்த வீட்டுக்குள் மாலை வந்து சேர முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அமீன் சயானி 2024 பிப்ரவரி 20ஆம் நாள் மும்பையில் தமது 91ஆம் வயதில் காலமானார். அந்த ஆண்டு பிப்ரவரி 20 செவ்வாய்க்கிழமை, மறுநாள் புதன்.