10,600 பூக்களில் ஒரு சிறு போத்தல்: 'ஜோய்' வாசனைத் திரவியத்தின் கதை

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பயணப் பையைத் திறந்தால், சொக்லேற்றுக்கு முன்னரே மூக்கில் ஏறுவது சென்ட் வாசம்தான். அந்தப் போத்தல்கள் பலவற்றில் உண்மையான பூவின் பங்கு மிகக் குறைவு. ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்ட வாசனைப் பொருட்களே அதிகம். 1930இல் பிரான்சில் அறிமுகமான 'ஜோய்' இன்றுவரை தனித்துப் பேசப்படுவது இதனால்தான். ஓர் அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 30 மில்லிலீற்றருக்கு, 10,600 மல்லிகைகளும் 28 டசின் ரோஜாக்களும் தேவை என்று அதன் தயாரிப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள்.

இதை வெளியிட்டவர் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஜோன் பாட்டூ. முதலாம் உலகப் போரில் போர்முனைக்குச் சென்ற அவர், 1919இல் தனது ஆடையகத்தை மீண்டும் திறந்தார். அமெரிக்கச் செல்வந்தப் பெண்கள் அவரது முக்கிய வாடிக்கையாளர்கள். 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்ததும் அந்த வரவும் சரிந்தது. வேறொருவர் என்றால் விலையைக் குறைத்திருப்பார். பாட்டூவோ, செலவைப் பாராமல் செய்யும்படி வாசனைக் கலைஞர் ஹென்றி அல்மெராஸிடம் சொன்னார். 'மகிழ்ச்சி' என்று பெயரிட்டு, உலகிலேயே விலை கூடிய வாசனைத் திரவியம் என்றே விளம்பரமும் செய்தார். நெருக்கடி காலத்தில் இது திமிராகத் தோன்றலாம். ஆனால் புதிய ஆடை வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு சிறு போத்தல் எட்டும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது.

ஜோயின் மணம் வெறும் இனிப்பு அல்ல. மல்லிகையில் இயற்கையாகவே 'இண்டோல்' என்றொரு பொருள் உண்டு. தனியே அடர்த்தியாக முகர்ந்தால் அருவருப்பூட்டும் அதுவே, சிறிதளவில் பூவுக்கு உயிர்ப்பைக் கொடுக்கிறது. மாலையில் கட்டிய பூச்சரம் மறுநாள் காலை கனத்து மணப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூடவே நிலச்சம்பங்கியும், நம் கோயில்களுக்குப் பழக்கமான புனுகின் சாயலும் சேர்கின்றன.

பூக்கள் வந்தது தென் பிரான்சின் கிராஸ் நகரைச் சூழ்ந்த வயல்களிலிருந்து. மே மாதத்தில் ரோஜா, ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை மல்லிகை. வெயில் ஏறினால் மணம் போய்விடும் என்பதால் மல்லிகையை அதிகாலையிலேயே கையால் பறிக்கவேண்டும். கரைப்பானில் ஊறவைத்து மெழுகுபோன்ற 'கொங்க்ரீற்' எடுத்து, அதை அற்ககோலில் கழுவினால் 'அப்சொலூட்' எனும் சாறு கிடைக்கும். ஒரு கிலோ சாறுக்கு ஏறத்தாழ 700 கிலோ பூ வேண்டும். இத்தொழிலறிவை யுனெஸ்கோ 2018இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அதே 2018இல் பாட்டூ நிறுவனத்தை எல்விஎம்எச் குழுமம் வாங்கியது. பழைய ஜோயின் தயாரிப்பு நின்றது. அக்குழுமத்தின் டியோர், அதே பெயரில் வேறொரு வாசனையை வெளியிட்டது. பெயர் மட்டும் கைமாறி, பூ கைவிடப்பட்டது என்பதே என் அபிப்பிராயம்.

கிராஸில் இன்று மல்லிகை வயல்கள் சொற்பம். உலகச் சந்தையின் மல்லிகைச் சாறு பெரும்பாலும் எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. கிராஸ் மல்லிகையும் தமிழ்நாட்டார் பிச்சி, சாதிமல்லி என்றழைக்கும் பூவும் ஒரே இனம்தான். கோயம்புத்தூர், சத்தியமங்கலம் பக்கங்களில் அதைப் பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆயிரக்கணக்கில் மொட்டுகளைக் கிள்ளினால்தான் ஒரு கிலோ தேறும். கூலியும் கிலோக் கணக்கில்தான்.