பகிர்வுத் தட்டு (டெத் மெட்டல்)

பகிர்வுத் தட்டு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இசைக்குழுக்கள் ஒரே இசைத்தட்டிலோ ஒலிநாடாவிலோ இடம் பங்கிட்டுக்கொண்டு வெளியிடுவது. பெரும்பாலும் ஆளுக்கொரு பக்கம். டெத் மெட்டல் என்னும் கடுமையான மெட்டல் இசைவகையில், பெரிய நிறுவனங்களின் ஆதரவில்லாத குழுக்களிடையே இது பரவலாக வழங்குகிறது. ஏழு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓடினால் ஒரு பக்கம் ஏறக்குறைய 6 அல்லது 7 நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் இரண்டு பாட்டைத் திணித்துவிட்டு ஒரு குழு இறங்கிக்கொள்ள வேண்டும். ஒரே பாணிக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துச் செய்துகொள்ளும் கூட்டணி என்றே ரசிகர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். தொடக்ககால வெளியீடுகளில் அதற்கான சான்று குறைவு. தட்டு அடிக்கும் செலவும், பதிப்பாளரின் கடைக் கணக்கும், ஒரே ஊர்ப் பழக்கமும்தான் குழுக்களை ஒரு தட்டில் ஏற்றின. பாணி ஒற்றுமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மேற்கு பெர்லினின் நாய்ஸ் நிறுவனம் 1984-இல் 'டெத் மெட்டல்' என்ற தலைப்பிலேயே ஒரு தட்டு வெளியிட்டது. ஹெல்ஹேமர், ரன்னிங் வைல்ட், டார்க் அவெஞ்சர், ஹெலோவீன் என நான்கு குழுக்கள், ஆளுக்கு இரண்டு பாட்டு. இவற்றில் பிற்கால டெத் மெட்டலுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹேமர் மட்டுமே. ஹெலோவீன் உச்சஸ்தாயிக் குரலும் துள்ளலுமான பவர் மெட்டலுக்குப் பேர்போனது. அடுத்த ஆண்டு வந்த பிரேசில் தட்டு இன்னும் தெளிவான சான்று. பெலோ ஹொரிசாண்டே நகரின் கொகுமேலோ முதலில் ஓர் இசைத்தட்டுக் கடை. 1985-இல் அது பதிப்பில் இறங்கியபோது போட்ட முதல் தட்டில் ஒரு பக்கம் செபுல்டுரா, மறுபக்கம் ஓவர்டோஸ். இரண்டும் உள்ளூர்க் குழுக்கள். அன்று ஊரில் பெயர் பெற்றிருந்தது ஓவர்டோஸ்தான். செபுல்டுராவின் 'பெஸ்டியல் டிவாஸ்டேஷன்' பக்கத்தில் முன்னோட்ட ஒலியோடு சேர்த்து ஐந்து உருப்படிகள், கரடுமுரடான உறுமல். ஓவர்டோஸ் பக்கத்தில் மூன்றே பாட்டு, மெட்டுத் தெளிந்த ஹெவி மெட்டல். செபுல்டுரா உலகப் புகழ் பெற்றபின் அதன் பக்கம் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, 1986-இல் வந்த அதே குழுவின் 'மார்பிட் விஷன்ஸ்' தொகுப்பின் பாடல்களோடு குறுந்தட்டாகியது. ஓவர்டோஸ் கழற்றிவிடப்பட்டது. பாணியால் பிணைந்த கூட்டணி என்றால் இவ்வளவு சுலபமாகவா பிரியும்?

செலவை மிச்சம்பிடிக்கும் இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. 1980-களில் தமிழ்நாட்டில் விற்ற திரைப்பாடல் கேசட்டுகளில் ஏ சைடில் ஒரு படம், பி சைடில் இன்னொரு படம் என்று வருவது சர்வசாதாரணம். ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டு 60 நிமிட நாடாவை நிரப்பாது. பாதி நாடாவைச் சும்மா ஓடவிட எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. ரெக்கார்டிங் கடைகளிலும் அன்று இதே வழக்கம்தான். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி பதிந்து, பக்கத்தின் கடைசியில் நாலு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பி, அட்டைக் கோட்டில் பேனாவால் அதன் பெயரையும் சேர்த்துவிடுவார். கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் கேசட்டைத் திருப்பிப் போட்டால் கூம்பு ஸ்பீக்கரில் அடுத்த படம் முழங்கும். ஒரு பக்கம் சோகப் படம், மறுபக்கம் சண்டைப் படம் என்றிருந்தாலும் இரண்டும் ஒரே வகை என்று யாரும் சொன்னதில்லை. டெத் மெட்டலை வகைப்படுத்துவோர்தான் பகிர்வுத் தட்டைப் பற்றி அப்படிச் சொல்கிறார்கள்.

திரைக் கேசட்டில் ஜோடி சேர்த்தது நிறுவனம், மெட்டல் குழுக்களோ துணையைத் தாமே தேர்ந்துகொள்கின்றன என்று மறுக்கலாம். இதில் பாதி உண்மை. 1980-களின் பிற்பகுதியில் குழுக்கள் தபாலில் மாதிரி நாடாக்களை அனுப்பி நட்பு வளர்த்தன. கடல் கடந்த குழுவோடு தட்டைப் பகிர அதுவே வழி திறந்தது. ஆனால் முதல் போட்டவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்றாமவரான சிறு பதிப்பாளர்தான். சில நூறு பிரதிதான் என்றாலும் அச்சுவார்ப்புச் செலவு முழுசாக ஆகும். இரண்டு குழு என்றால் இரண்டு ஊர் ரசிகர்கள் வாங்குவார்கள், சரக்கு தேங்காது. இணையத்தில் செலவில்லாமல் வெளியிட முடிகிற காலத்திலும் இவ்வடிவம் ஒழியவில்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. கணக்கு ஒழிந்திருந்தால் அது பொருந்தும். மற்றக் குழுவின் ரசிகர் தட்டைத் திருப்பிப் போட்டு நம்மையும் கேட்பார் என்ற எதிர்பார்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறது, அதுவும் வரவுக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இவ்வடிவம் தெற்காசியாவிலும் உண்டு: இலங்கையின் ஜெனோசைட் ஷ்ரைன்ஸ், செர்பண்ட்ஸ் அதர்ஸ்ட் முதலிய குழுக்கள் 'ஸ்கார்ன் கோலெசன்ஸ்' என்ற பகிர்வு வெளியீட்டில் இடம்பெற்றுள்ளன.